சமையல் மேடைக்கு இரண்டே நோக்கம்

சுபிட்ச நகர் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் நானும் ஓர் உறுப்பினன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்து வந்து கேட்பதைவிட அது கொஞ்சம் மரியாதை. இந்தக் கதையில் நடக்கும் எல்லாக் கூத்துக்கும் பொதுக்குழுவில் நான் கை தூக்கியிருக்கிறேன். அறுபது பேர் தூக்கும்போது ஒருவன் மட்டும் தூக்காமல் இருந்தால் அவனுக்கு டீ வராது.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் மூன்றாவது மைலில் இருக்கிறது சுபிட்ச நகர். அறுபது வீடுகளும் ஒரே அச்சு. அறை எண் ஒன்று, அறை எண் இரண்டு, அறை எண் மூன்று என்று வரைபடத்தில் போட்டிருக்கும். அறை எண் மூன்றைத்தான் நாங்கள் சமையலறை என்று சொல்லிவந்தோம். எட்டடிக்கு எட்டடி. ஒரு ஜன்னல், நான்கு சுவர், ஒரு தரை. அடுப்பைத் தரையில் வைத்து, பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து சமைக்க வேண்டும். வரைபடம் போட்டவர் தன் வாழ்நாளில் சமைத்ததில்லை என்பது அதைப் பார்த்தாலே தெரியும்.

வீடு அவரவர் வீடுதான். ஆனால் பத்திரங்கள் சங்கத்தின் பச்சை பீரோவில் இருந்தன. சங்கத்தைக் கேட்காமல் ஒரு ஆணி அடித்தவர்கள் பத்திரத்தை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் எங்கள் நகரில் காலண்டர்களை நாற்காலியில் சாய்த்து வைத்திருப்போம்.

இருபத்திரண்டாம் எண் வீட்டுக்காரர் கவுஸ் பாஷா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரப் பெட்டிக் கடை வைத்திருந்தார். கல்யாணப் பெண்ணுக்கும் ஹாஸ்டல் பிள்ளைக்கும் டிரங்குப் பெட்டி வேண்டுமென்றால் அவரிடம்தான் போவார்கள். மூடியில் ஒரு சிவப்பு ரோஜா வரைந்து கொடுப்பார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். நாள் முழுக்கத் தகரத்தைச் சுத்தியால் அடித்துக்கொண்டிருப்பவருக்கு வாயால் வேறு சத்தம் போட வேண்டுமா என்று தோன்றியிருக்கலாம்.

அவர் மனைவி வஹிதாவுக்கு முட்டி போய்விட்டது. இனித் தரையில் உட்காரவே கூடாது என்று சேலத்து டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அடுப்பு தரையில் இருந்தது. சமைத்து முடித்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுவாள். பாதி எழ ஒரு "யா அல்லா", மீதி எழ இன்னொரு "யா அல்லா". அடுத்த வீட்டில் இருக்கும் எனக்கு மூன்று வேளையும் கேட்கும். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

எண்பத்தாறாம் வருஷம் பிப்ரவரியில் காஸ் ஏஜென்சியிலிருந்து கவுஸ் பாஷாவுக்குக் கடிதம் வந்தது. பதிந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டதால் அவரே அதை மறந்துவிட்டிருந்தார். அவர் முறை வந்துவிட்டது. ஆனால் நாற்பத்தைந்து நாளைக்குள் அடுப்பு வைக்க அசையாத மேடை ஒன்றைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அதாவது இன்னும் ஐந்து வருஷம். தானே தகரத்தில் கெட்டியாக ஒரு மேசை செய்துவிடுவதாகக் கவுஸ் பாஷா சொல்லிப் பார்த்தார். மேசை நகரும், நகர்ந்தால் டியூப் இழுத்துக்கொள்ளும் என்று ஏஜென்சியில் மறுத்துவிட்டார்கள்.

வஹிதா அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்துப் பார்த்தாள். "நின்னுக்கிட்டே சமைக்கலாமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குக் கவுஸ் பாஷா சங்கத்துக்குப் போனார். சங்கச் செயலாளர் நஞ்சப்பன் ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் பரப்பினார்.

"விதி பதினேழு அ, அறை எண் மூணுல மேடை. நோக்கம் என்னங்க பாய்?"

"மேடைங்க."

"அது பொருளுங்க. நோக்கத்தக் கேக்கறேன். இங்க ரெண்டு கட்டம் இருக்குது பாருங்க. விக்கறதுக்கா, அழகுக்கா?"

"சமைக்கறதுக்குங்க."

நஞ்சப்பன் பேனாவை மூடி வைத்தார். விவரம் போதாதவர்களிடம் அவர் மிகவும் பொறுமையாகப் பேசுவார்.

"இப்ப அறை எண் மூணுல என்னங்க பண்றீங்க?"

"சமைக்கறாங்க."

"அப்ப அது ஏற்கெனவே நடக்குது. நடந்துக்கிட்டு இருக்கற வேலைக்கு எதுக்குங்க அனுமதி? மேடை போட்டா புதுசா என்ன ஆகும்? ஒண்ணு, வூட்டுக்கு வெலை ஏறும். இல்லாட்டி, வூடு அழகாவும். மூணாவதா என்ன இருக்குது, நீங்களே சொல்லுங்க."

"முட்டி வலிக்காதுங்க."

"முட்டி சங்கத்து எல்லைக்குள்ள வராதுங்க பாய்."

விதி பதினேழு அ வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நாற்பதாம் எண்ணில் இருந்தவர் பச்சையும் வெள்ளையுமாக மொசைக் மேடை ஒன்று போட்டார். நகரே போய்ப் பார்த்து வாயைப் பிளந்தது. தலைவர் பெரியண்ணன் குடும்பத்தோடு போய்ப் பாராட்டிவிட்டு வந்தார். அடுத்த மாதமே அந்த மனிதர் வீட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டு ஓசூருக்குப் போய்விட்டார். தலைவருக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. "அழகுன்னு நெனச்சுல்ல நாம பாராட்டுனோம்? விக்கறதுக்குப் போட்டதுன்னு தெரிஞ்சிருந்தா எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டோமே" என்று பொதுக்குழுவில் தழுதழுத்தார். அன்றிலிருந்து மேடை போடுகிறவர் நோக்கத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். விற்பதற்கென்றால் அந்த மேடை எல்லோருக்கும் பிடித்திருக்க வேண்டும். அழகுக்கென்றால் சொந்தக்காரருக்குப் பிடித்திருக்க வேண்டும், வேறு ஒருவருக்காவது பிடிக்காமலும் இருக்க வேண்டும். எல்லோருக்கும் பிடித்துவிட்டால் அது விற்பனைதான் என்று கருதப்படும். அன்றும் நான் கை தூக்கினேன். டீயோடு ஒரு வடையும் வந்தது.

கவுஸ் பாஷா இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சங்கத்தில் டைப் அடிக்கும் லூர்துமேரி, செயலாளர் வெற்றிலை துப்பப் போன சமயத்தில், "விக்கறதுன்னு போட்டுருங்க பாய். அது சீக்கிரம் முடியும்" என்று சொன்னாள். அந்த அலுவலகத்தில் மனிதர்களைப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அவளை நம்பி அவர் முதல் கட்டத்தில் குறி போட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பகல் பன்னிரண்டரைக்கு இருபத்திரண்டாம் எண் வீட்டுக் கதவைத் தட்டியவர் பச்சியப்பன். ஓய்வுபெற்ற சர்வேயர். மனைவி இல்லை, ஒரே மகன் ஓசூரில். ஓட்டல் சோறு தின்று தின்று சுருங்கிப் போன மனிதர். விற்பனை நோக்கமுள்ள மேடைகளுக்குச் சங்கம் அவரை 'உத்தேச வாங்குநர்' என்று நியமித்திருந்தது. வீட்டை வாங்க வருகிறவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்து அறிக்கை கொடுப்பது அவர் பொறுப்பு.

"இந்த வூட்ட விக்கறீங்களாமே?" என்று கேட்டபடி உள்ளே வந்தார்.

வஹிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கணவனைப் பார்த்து, "ஏங்க, வூட்டை விக்கப் போறீங்களா? என் முட்டி வலிக்காகவா?" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி, விதி பதினேழு அ-வைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் சோறு ஆறிவிட்டது. ஆறிய சோற்றைப் பச்சியப்பன் ஆட்சேபிக்கவில்லை. வாங்குகிறவனுக்கு அந்தச் சமையலறையில் சமைத்தால் ருசி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் அல்லவா என்று சொல்லி, தால்ச்சாவை இரண்டு தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

"கடப்பாக் கல்லு போடலாம்னு இருக்கறேங்க" என்றார் கவுஸ் பாஷா.

"கடப்பா கறுப்பு. எறும்பு ஊர்றது கண்ணுக்குத் தெரியாது. எனக்கு வேணாங்க."

மறுநாள் பன்னிரண்டரைக்கு மொசைக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. "புள்ளி புள்ளியா இருக்கும். எறும்பு ஊராதப்பவும் ஊர்ற மாதிரியே இருக்கும்" என்றார் பச்சியப்பன். அதற்கு மறுநாள் சலவைக்கல். "வெள்ளைங்க. எறும்பு பளிச்சுன்னு தெரியும். இந்த வூட்டுல எறும்பு இருக்குதுன்னு வாங்கறவன் திரும்பிப் போயிடுவான்." வெள்ளிக்கிழமை பிரியாணி. அன்றைக்கு சிமெண்ட் மேடை. "சிமெண்டுல எறும்பு புடிக்காது. ஆனா அது எனக்கே புடிக்கல."

பதினைந்து நாள் இப்படியே போயிற்று. கடைசியில் அவர் கொடுத்த அறிக்கையை லூர்துமேரிதான் டைப் அடித்தாள். 'உத்தேச வாங்குநருக்கு இந்த வீடும் உணவும் உபசாரமும் மிகவும் பிடித்திருக்கின்றன. மேடை எதுவும் பிடிக்கவில்லை. தொடர்ந்து பார்வையிட அனுமதிக்க வேண்டுகிறேன்.'

நாற்பத்தைந்தில் பத்தொன்பது நாள் போய்விட்டிருந்தது. கவுஸ் பாஷா சங்கத்துக்கு ஓடினார். "விக்கலீங்க. அழகுக்குன்னே மாத்திக்கறேங்க."

"தாராளமா மாத்திக்கலாம்" என்றார் நஞ்சப்பன். "ஆனா உங்களுக்கு ரசனை இருக்குதுன்னு நாங்க திருப்தியடையணும். ரசனை இல்லாதவரு அழகுக்குன்னு சொன்னா அது பொய் விண்ணப்பம் ஆயிடும் பாருங்க."

ரசனைக் குழு நேராகப் பெட்டிக் கடைக்கே வந்தது. தலைவர் பெரியண்ணன், செயலாளர் நஞ்சப்பன், குறிப்பெடுக்க லூர்துமேரி. பெரியண்ணனுக்குப் பரம்பரையாக நிலபுலம் அதிகம். அதில் ஒரு பாறைக் கரட்டை, கிரானைட் கல் வெட்டி வெளிநாட்டுக்கு ஏற்றுகிறவர்களுக்கு விட்டிருந்தார். ஸ்டூலில் அவர் உட்கார்ந்ததும் கடையில் மற்றவர்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

காய வைத்திருந்த ஒரு பெட்டியைத் தலைவர் கைத்தடியால் தட்டினார். "இந்த ரோசாப்பூ எதுக்குங்க பாய்? பெட்டி வித்துப் போறதுக்கா, அழகுக்கா?"

கவுஸ் பாஷா யோசித்தார். முப்பது வருஷமாக ரோஜா போடுகிறார், யாரும் இப்படிக் கேட்டதில்லை. "பூவோட தலை எந்தப் பக்கம் இருக்குதோ அது மூடியோட முன்பக்கங்க. பொண்ணுங்க இருட்டுல தடவிப் பாத்துப் பூட்டுவாங்க. அதுக்காகக் கொஞ்சம் தடிப்பா வரையறதுங்க."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கேயும் மூன்றாவதாக ஏதோ ஒன்று வந்து நிற்கிறதே என்று தலைவருக்கு எரிச்சல்.

"எதக் கேட்டாலும் உபயோகத்துலயே வந்து நிக்கறீங்களே பாய்! இது ஒரு வியாதிங்க. மனுசன் கொஞ்சம் மேல போவ வேணாமா? என்னையே எடுத்துக்கங்க. சங்கத்துக்கு நான் தலைவரா இருக்கறேன். இதனால யாருக்காவது ஏதாவது உபயோகம் உண்டா? இல்ல. ஆனா எவ்வளவு அழகா இருக்குது!"

லூர்துமேரி தலையைக் குனிந்துகொண்டு குறிப்பெடுத்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

விற்பனையும் தேறவில்லை, ரசனையும் தேறவில்லை. இப்படிப்பட்ட இக்கட்டுக்கு விதியில் வழி இருப்பதாக நஞ்சப்பன் தேடிக் கண்டுபிடித்தார். அதற்குப் பெயர் பொருட்காட்சி. ஐந்து வகை மேடைப் பொருளிலும் ஒவ்வொரு துண்டு, ஒன்றரை அடி அகலத்தில், விண்ணப்பதாரர் வீட்டின் அறை எண் மூன்றில் முப்பது நாள் உறுப்பினர்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். உறுப்பினர்களோ அவர்கள் குடும்பத்தாரோ யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் வந்தால் காட்சி முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கும். ஆட்சேபமில்லாமல் முப்பது நாள் முடிந்தால் சங்கம் முடிவெடுக்கும். அதுவரை மாதிரிகளை யாரும் அகற்றக் கூடாது.

"தரையில பரப்பி வெச்சுடட்டுங்களா?" என்று கேட்டார் கவுஸ் பாஷா.

"தரையில வெச்சா அது தரைக்கல்லு மாதிரி தெரியும். மேடை உயரத்துல, மேடை இருக்கற எடத்துல, வரிசையா வெக்கணும். ரெண்டரை அடி. அப்புறம் சிமெண்டு கலவை போட்டுக் கெட்டியா பதிச்சுருங்க. சங்கத்து பார்வைக்கு வெச்ச பொருள நாளைக்கு யாராவது தூக்கிட்டுப் போயிட்டா யாரு பதில் சொல்றது?"

ஒரு வாரம் கவுஸ் பாஷா கடையைத் திறக்கவே இல்லை. கடப்பாக் கல் ரயிலில் வந்து மொரப்பூரில் இறங்கியது. சேலத்திலிருந்து லாரியில் வந்த சலவைக்கல் தொப்பூர் கணவாயில் உருண்டு இரண்டாக உடைந்தது. நல்ல வேளையாக ஒரு பாதி சரியாக ஒன்றரை அடி அகலம் இருந்தது. கிரானைட்டுக்குத் தலைவரின் கரட்டிலேயே கழிந்த துண்டு ஒன்று கிடைத்தது. சிமெண்டையும் மொசைக்கையும் ஊர்க் கொத்தனாரே வார்த்துவிட்டார். சுவருக்குச் சுவர் எட்டடி. ஐந்து மாதிரிகளும் சேர்ந்து ஏழரை அடி வந்தன. மீதி அரை அடி பல் விழுந்த மாதிரி அசிங்கமாக இருந்ததால் அதற்குக் கவுஸ் பாஷா ஒரு தகரத்தை மடித்துப் போட்டார். சும்மா இருக்க முடியாமல் அதில் ஒரு ரோஜாவும் வரைந்தார்.

பொருட்காட்சியைத் தலைவர் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். எட்டடி அறைக்குள் இருபது பேர் நின்றோம். மாதிரிகளுக்கு மேலே நஞ்சப்பன் ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். 'இது மேடை அல்ல. மாதிரி மட்டுமே.'

தலைவர் கிரானைட் துண்டைத் தடவிக்கொண்டே பேசினார். "இது நம்ம கல்லு. கப்பல் ஏறி ஜப்பானுக்குப் போவுது. நான் கேக்கறேன், இந்தக் கல்ல நாமளே நம்ம வூட்டுல போட்டு, அதுமேல வெங்காயம் அரிஞ்சா, ஜப்பான்காரன் நம்மளப் பத்தி என்னய்யா நெனப்பான்? ஏற்றுமதிப் பொருளுன்னா அதுக்கு ஒரு மரியாத வேணாமா? அதனால இத எல்லாரும் பாருங்க. பாத்துப் பெருமைப்படுங்க. ஆனா யாரும் ஆசைப்படாதீங்க."

நாங்கள் கை தட்டினோம். வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வஹிதா கை தட்டவில்லை. எல்லோரும் போன பிறகு கடப்பாக் கல்லின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி நின்று பார்த்தாளாம். கல் குளிர்ச்சியாக இருந்ததாகவும், முட்டி வலி அப்போது தெரியவே இல்லை என்றும் என் மனைவி காவேரியிடம் பிறகு சொன்னாள்.

காட்சி தொடங்கி ஐந்தாம் நாள் பச்சியப்பன் வந்தார். பன்னிரண்டரைக்குத்தான். சாப்பிட்டுவிட்டு, ஐந்து மாதிரிகளிலும் எறும்பு ஊரும் அபாயம் உண்டு என்று ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். காட்சி மறுபடியும் முதல் நாளுக்குப் போய்விட்டது. கவுஸ் பாஷா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காஸ்காரர்கள் கொடுத்த கெடு முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

"நீங்க உக்காந்து என்ன ஆவப்போவுது?" என்றாள் வஹிதா. "நானே உக்காரலாம். எனக்குத்தான் பழக்கம்."

நாற்பத்து நாலாம் நாள் காஸ் ஏஜென்சியின் மெக்கானிக் சைக்கிளில் வந்தார். மேடை இருக்கிறதா என்று பார்க்க வந்தவர், உள்ளே போய்ப் பார்த்தார். ஐந்து நிறத்தில் ஏழரை அடியும், ரோஜாப்பூ போட்ட அரை அடியும். மேலே தொங்கிய அட்டையையும் படித்தார்.

"இது மேடை இல்லைன்னு போட்டிருக்குதுங்களே?"

"சங்கத்துல போட்டதுங்க" என்றார் கவுஸ் பாஷா. பொய் சொல்லத் தெரியாத ஆள். "மாதிரிங்க."

மெக்கானிக் கடப்பாக் கல்லை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அது அசையவில்லை. சலவைக்கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார். அதுவும் அசையவில்லை. "அட்ட என்ன சொன்னா எனக்கென்னங்க. கல்லு ஆடல. மாமூலா எல்லா வூட்டுலயும் ஒரே கல்லுதான் போட்டிருப்பாங்க. நீங்க பெரிய ரசிகருங்க பாய்." அட்டையின் அடியிலேயே அடுப்பை வைத்து, டியூப்பை மாட்டி, நெருப்புக்குச்சியைக் கிழித்தார்.

முதலில் பால் காய்ச்சினாள் வஹிதா. நின்றபடியே. பால் பொங்கும்வரை நின்றாள், இறக்கினாள், சர்க்கரை போட்டாள், பக்கத்து வீட்டுக்கு எங்களுக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு மூன்று வேளையும் நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஒரு "யா அல்லா"கூடக் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

விஷயம் தெரிந்து நஞ்சப்பன் விதிப் புத்தகத்தோடு ஓடி வந்தார். மாதிரியின் மேல் சமைக்கலாமா கூடாதா என்று அங்கேயே நின்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினார். கூடாது என்று எங்கேயும் இல்லை. சமையல் என்ற சொல்லே அந்தப் புத்தகத்தில் இல்லை. இல்லாத ஒன்றைத் தடுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. வஹிதா கொடுத்த டீயை மொசைக்கின் மேல் வைத்துக் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பச்சியப்பன் வாழ்க்கையில் வசந்தம் வந்தது. முப்பது நாள் ஆட்சேபமில்லாமல் முடிந்தால் சங்கம் முடிவெடுக்கும், முடிவெடுத்தால் மாதிரிகள் போய்விடும், மாதிரிகள் போனால் அடுப்பும் போய்விடும். அதனால் ஒவ்வொரு இருபத்தொன்பதாம் நாளும் அவருக்கு இருபத்திரண்டாம் எண்ணில் பிரியாணி. சாப்பிட்டு ஏப்பம் விட்டு, அதே கையோடு ஒரு ஆட்சேபம் எழுதுவார். ஒரு மாதம் நிறம் சரியில்லை, அடுத்த மாதம் வரிசை சரியில்லை. கடைசியில் ரோஜாப்பூவின் தலை வாஸ்துப்படி தெற்கே பார்க்கிறது என்றுகூட எழுதினார். வாங்காத வீட்டுக்கு அவரைப் போல விசுவாசமாக இருந்தவரை நான் பார்த்ததில்லை.

இதற்குள் மற்ற வீட்டுப் பெண்கள் கண்காட்சியைப் பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் வீடுகளில் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் பதினோரு வீடுகளில் பொருட்காட்சி வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும்தான். அங்கெல்லாம் ஆட்சேபம் எழுதியதும் பச்சியப்பன்தான். எந்தக் கட்டத்திலும் குறி போடாமல் விண்ணப்பம் கொடுத்தால் குழு குழம்பிப் போய் நேரே பொருட்காட்சிக்கு அனுப்பிவிடும் என்பதை லூர்துமேரி வருகிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

எண்பத்தேழு கோடையில் பச்சியப்பனின் மகன் வந்து அவரை ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது கிழவர் மேடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு எல்லாமே புடிச்சிருந்துச்சும்மா" என்று வஹிதாவிடம் சொன்னாராம். அவருக்குப் பதில் யார் எழுதுவது என்று நாங்கள் யோசிப்பதற்குள் அந்த மாதம் முப்பது நாள் ஆட்சேபம் இல்லாமலே முடிந்துவிட்டது.

உடனே பொதுக்குழு கூடியது. பெரியண்ணன் மாலையோடு வந்திருந்தார். மாலையை அவரே வாங்கி வந்ததாகப் பேச்சு.

"உறுப்பினர் பெருமக்களே! இந்தச் சங்கம் ஆரம்பிச்சு ஒம்பது வருசம் ஆச்சு. இத்தினி வருசத்துல, வூடுங்களுக்குள்ள சமையல் நடக்குதுன்னு கண்டுபுடிச்சு, அதுக்கு அங்கீகாரம் குடுத்த மொத நிர்வாகம் இதுதான்! இன்னைலருந்து மூணாவது கட்டம் ஒண்ணு போடறோம். கவுஸ் பாஷா பாய்க்கு அனுமதி குடுக்கறோம்!"

கவுஸ் பாஷா எழுந்து நின்று கும்பிட்டார். தலைவர் தொடர்ந்தார்.

"எந்தக் கல்லுன்னு கேப்பீங்க. கிரானைட்டு! ஆசைப்படாதீங்கன்னு நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்றேன், ஆசைப்படுங்க! போன கப்பல்ல ஏத்துன கல்லுல வெடிப்பு இருக்குதுன்னு ஜப்பான்காரன் வேணாம்னுட்டான். நான் கலங்கல. அந்தக் கல்லு நம்ம தாய்மாருங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்குதுன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. சங்கம் வழியா அதத்தான் எல்லாரும் போடணும். உங்க உங்க முறை வர்றப்போ கல்லு வரும். அதுக்கு மின்ன, அறை எண் மூணக் காலி பண்ணிக் காட்டணும். இன்னைலருந்து ஏழு நாளைக்குள்ள மாதிரிங்களப் பேத்து எடுத்துறணும்."

எல்லோரும் கை தூக்கினோம். என் கை பாதிவரை போயிற்று. டீ வந்துகொண்டிருந்ததைப் பார்த்து மீதியும் போயிற்று.

முறை எப்போது வரும் என்று கவுஸ் பாஷா கேட்டார். கல் இன்னும் துறைமுகத்திலேயே கிடக்கிறது, வந்து சேர ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம் என்றார் நஞ்சப்பன். கவுஸ் பாஷா நேராகக் காஸ் ஏஜென்சிக்குப் போய் விசாரித்தார். மேடையைப் பெயர்த்தால் அடுப்பையும் சிலிண்டரையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும் என்றார்கள். தனக்குக் கொடுத்த அனுமதியை ரத்துசெய்ய ஏதாவது விண்ணப்பம் இருக்கிறதா என்று மறுபடி சங்கத்தில் வந்து கேட்டார். "கெடச்ச அனுமதிய யாருங்க வேணாம்னு சொல்லுவாங்க? அதுக்கெல்லாம் பாரம் இல்லீங்க" என்றார் நஞ்சப்பன்.

கவுஸ் பாஷா வீட்டுக்கு வந்து மேடைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். உளியை எடுத்தார், வைத்தார். தன் கையாலேயே அதைப் பெயர்க்க வேண்டியிருக்கிறதே என்று அழுதுவிட்டார்.

வஹிதா அழவில்லை. காவேரியை அனுப்பி லூர்துமேரியை வரவழைத்தாள். "அந்த விதிய இன்னொரு வாட்டி படிங்கக்கா. ஆட்சேபம் யாரு பண்ணலாம்னு போட்டிருக்குது?"

"உறுப்பினரோ, அவர் குடும்பத்தாரோ."

"உத்தரவு வந்ததுக்கு அப்புறமும்?"

"ஏழு நாளைக்குள்ளன்னா பண்ணலாம். காட்சி மறுபடி மொத நாளுலருந்து ஆரம்பிக்கும். அது வரைக்கும் மாதிரிய யாரும் தொடக் கூடாது."

வஹிதா எட்டாவது வரை படித்தவள். சலவைக்கல்லின் மேல் தாளை விரித்து, நின்றபடியே எழுதினாள். 'இருபத்திரண்டாம் எண் வீட்டில் என் கணவர் மேடை போடுவதை நான் கடுமையாக ஆட்சேபிக்கிறேன். எனக்கு மேடையே பிடிக்காது. தரையில் உட்கார்ந்து சமைப்பதுதான் எனக்கு வழக்கம்.'

குடும்பத்தாரின் ஆட்சேபம் என்றால் செயலாளர் நேரில் வந்து உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. மறுநாள் காலை நஞ்சப்பன் வந்தார். வஹிதா கடப்பாக் கல்லின் மேல் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்ததை எடுத்து அடுப்பில் போட்டு, திருப்பி, எடுத்துத் தட்டில் அடுக்கினாள். அவள் நின்றுகொண்டிருந்தாள். நஞ்சப்பன் அவளுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்த ஆட்சேபம் நெசந்தானா? உங்களுக்கு மேடை புடிக்காதா?"

"புடிக்கவே புடிக்காதுங்க. மேடைன்னா நின்னுக்கிட்டே சமைக்கணுமாமே? அதெல்லாம் எனக்கு ஆவாதுங்க." அடுத்த சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள். "டீ குடிக்கறீங்களா?"

நஞ்சப்பன் டீ குடித்தார். கோப்பையை கிரானைட்டின் மேல் வைத்து, ஃபைலைத் திறந்து, நிதானமாக எழுதினார். 'நேரில் விசாரித்தேன். மனுதாரர் தரையில் அமர்ந்து சமைப்பவர். ஆட்சேபம் உண்மையானது.' முத்திரையைத் தகரத்தின் மேல் வைத்துக் குத்தினார். ரோஜாவின் ஓரத்தில் கொஞ்சம் ஊதா மை ஒட்டிக்கொண்டது.

அன்று சாயந்திரம் எங்கள் வீட்டில் காவேரி என்னிடம் பேனா கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். அவளுக்கும் நின்று சமைப்பது பிடிக்காதாம். பேனாவையும் கொடுத்து, எழுத வசதியாக மேடையிலிருந்த குழம்புச் சட்டியையும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.